வாசித்தேன் என்று ஒரு கையெழுத்து

ஜூன் 11

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா, சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா, புது அறையில் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா, இல்லை போன வருஷம் மாதிரி யோசித்து யோசித்துச் சுற்றுகிறதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று வாட்ச்மேனிடம், "அண்ணே, பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம், பார்த்துக்குங்க" என்று உருக்கமாகப் பேசினேன் அல்லவா? அது வாட்ச்மேன் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த அவருடைய மழைக்கோட்டு. அதற்கு மேலே தொப்பியையும் தொங்கவிட்டிருந்தார்கள், ஆகவே பாதிக் குற்றம் அவர்களுடையது. அசல் வாட்ச்மேன் எனக்குப் பின்னால் நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, அதுகிட்ட சொல்லிடறேன்" என்றார். உன் தோழிகள் சிரித்துக்கொண்டே ஓடியது என் காதில் விழுந்தது. அப்பா வேண்டுமென்றே செய்த தமாஷ் என்று அவர்களிடம் சொல்லிவிடு. நம்பாவிட்டாலும் சொல்லு.

டிரைவிங் ஸ்கூல் வேலை வழக்கம்போலத்தான். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இந்த ஊரில் தீர்ந்துபோவதாக இல்லை. புதிதாக ஒரு தையல்காரம்மா சேர்ந்திருக்கிறார். கிளட்சைத் தையல் மெஷின் மிதி என்று நினைத்து மிதிக்கிறார். வண்டி ஓடவில்லை, ரோட்டில் எம்பிராய்டரி போடுகிறது. என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கால் தானாகத் தரையை மிதிக்கிறது. முன்சீட்டுக்காரர் திரும்பி முறைக்கிறார்.

போன ஞாயிறு போனில் ஏதோ கட்டுரைப் போட்டி என்றாய். வார்டன் அம்மா பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்த அவசரத்தில் நீ பாதியை முழுங்கிவிட்டாய். பல நாட்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்களாமே? நான் பள்ளியில் எழுதிய கடைசிக் கட்டுரை 'நேரம் தவறாமை'. அதை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தேன். அந்த ரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது, கவனம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அப்பா


ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபேன் இந்த வருஷமும் யோசிக்கிறது. சாப்பாடு இறங்குகிறது, எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

மழைக்கோட்டு விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அதற்கு 'அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே போகும்போது எல்லாரும் அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தமாஷ் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

போட்டி விவரம் இதுதான். எந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அவரவர் மொழியில் எழுதலாம், மொழிபெயர்ப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் அனுப்பியிருக்கும் தாளில், கையால், இரண்டே பக்கம். தலைப்பு: 'யாரும் சொல்லாமல் நானே தெரிந்துகொண்டது.' பெரியவர்கள் ஒரு வார்த்தைகூட உதவக் கூடாது. அப்பாவோ அம்மாவோ முழுவதையும் வாசித்து, இது என் பிள்ளை தானாக எழுதியது, வெளியிடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தேர்வாகிறவர்களை ஒரு மாதம் வெளிநாட்டில் எழுத்து முகாமுக்கு அழைத்துப் போவார்கள்.

அப்பா, எனக்கு அந்த முகாமுக்குப் போகணும். சைக்கிள் கேட்டபோதுகூட இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதனால் தயவுசெய்து யோசனை எதுவும் சொல்லாதீர்கள். உங்களால் சும்மா இருக்க முடியாது என்று தெரியும். முயற்சி செய்யுங்கள்.

கண்ணாடி மாற்றினீர்களா? லீவில் மாற்றுவதாகச் சொன்னீர்கள்.

அன்பு மகள்,
சுண்டெலி


ஜூலை 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

சுகம். அம்மா சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே ஒரே மூட்டம். நேற்றுத்தான் நல்ல வெயில் அடித்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தேன். அவசரமாக வாசித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

யோசனை சொல்ல மாட்டேன். சத்தியம். ஆனால் எறும்பைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துப் பார். இல்லாவிட்டால் மின்தடை. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் தினமும் அதே இடத்தில் வண்டியை நிறுத்துகிறார் என்பது. இவை யோசனை இல்லை, பொதுவான பேச்சு.

தையல்காரம்மா தேறிவிட்டார். போன வாரம் மார்க்கெட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நான் பேசிக்கொண்டே வந்தேன். திடீரென்று அந்தம்மாவே பிரேக் போட்டார். எனக்கு முன்னால். நான் நெற்றியை இடித்துக்கொண்டேன். பார்த்தால், ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்திருக்கிறார். "என்ன சார், நீங்க பிரேக் போடுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். "உங்களைச் சோதிச்சேன்மா, பாஸ்" என்றேன். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து நான் மட்டும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கூட்டம். திரும்பி வந்துவிட்டேன்.

நன்றாகப் படி, நன்றாகத் தூங்கு.

உன் அப்பா


ஜூலை 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? நெற்றி வீங்கியதா? அம்மாவிடம் சொன்னீர்களா?

உங்கள் 'பொதுவான பேச்சு' மூன்றையும் அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் எறும்பை எடுத்துக்கொண்டாள்.

நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மலையேறியது, நீச்சல், தோழியோடு சண்டை. எதுவும் உண்மையாக வரவில்லை. நான் தெரிந்துகொண்டது என்று உண்மையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுத வேண்டாம் என்று ஒரு வாரம் இருந்து பார்த்தேன். பிறகு எழுதிவிட்டேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். இடம் போதாமல் பொடிப்பொடியாக எழுத வேண்டியதாயிற்று, மன்னிக்கவும். அப்பா, தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்ப வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அனுப்ப வேண்டாம். நான் கோபப்பட மாட்டேன், உண்மையாக. அனுப்பலாம் என்றால் உறையில் விலாசம் எழுதியிருக்கிறேன், ஆகஸ்ட் பத்துக்குள் தபாலில் போட்டுவிடுங்கள்.

என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்பு மகள்,
சுண்டெலி


ஆகஸ்ட் 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

நாங்கள் சுகம். இங்கே மழை விடவே இல்லை, பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கட்டுரை வந்தது. வாசித்தேன். மூன்று தடவை வாசித்தேன். என்ன சொல்ல, நம் பரம்பரையில் இப்படி எழுதினவர் கிடையாது. நல்ல நடை. ஆரம்பம் கம்பீரம், நடுவில் விறுவிறுப்பு, முடிவு முடிவு மாதிரியே இருந்தது. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சிக்னல் விளக்கு மாதிரி அந்தந்த இடத்தில் நிற்கின்றன. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, முத்து மட்டும் கொஞ்சம் சின்னது. இதில் வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது? பிரமாதம்.

கையெழுத்துப் போட்டு, அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் நானே நனைந்துகொண்டு போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். தனக்குக் காட்டவில்லை என்று அம்மாவுக்குக் கோபம். "ஒரு பெற்றோர் போதும்னு விதி" என்றேன். "அந்த ஒண்ணு எப்பவும் நீங்கதான்" என்றாள்.

வெளிநாட்டுக்குப் போகப் பெட்டி வாங்க வேண்டும். இப்போதே நிறத்தை யோசித்து வை.

உன் அப்பா


செப்டம்பர் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

சுகமா? நாங்கள் சுகம் என்று சொல்லக்கூடிய அளவில் சுகம்.

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லாருக்கேன்" என்கிறாய், "சாப்பிட்டேன்" என்கிறாய், "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். பரீட்சையா? ஜுரமா? அறைத்தோழியோடு சண்டையா? அவளுடைய எறும்பு ஜெயித்துவிட்டதா?

போன ஞாயிறு "கட்டுரையில எந்த இடம் பிடிச்சுதுப்பா?" என்று கேட்டாய். "எல்லா இடமும்" என்றேன். நீ அதற்கப்புறம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

தையல்காரம்மா டெஸ்டில் பாஸ். எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். சாயங்கால மாணவர்களை இன்னொரு வாத்தியாரிடம் தள்ளிவிட்டேன். இருட்டில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அசடுகளாக இருக்கிறார்கள், என் பொறுமைக்கு ஒத்துவரவில்லை.

ஒரு வரியாவது எழுது.

உன் அப்பா


செப்டம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஜுரம் இல்லை. சண்டை இல்லை.

என் கட்டுரை உங்கள் கண்ணைப் பற்றியது.

நீங்கள் வாசித்திருந்தால் 'பிரமாதம்' என்று எழுதியிருக்க மாட்டீர்கள். முதலில், வாசித்துவிட்டுக் கோபத்தில் நடிக்கிறீர்களோ என்று நினைத்தேன். போனில் கேட்டபிறகுதான் நீங்கள் வாசிக்கவே இல்லை என்று புரிந்தது.

லீவில் எல்லாம் பார்த்தேன். பஸ் நம்பரை என்னை வாசிக்கச் சொல்லி, "பரவாயில்லையே, வேகமா வாசிக்கிறியே" என்று பாராட்டுவீர்கள். டம்ளரில் டீ ஊற்றும்போது சத்தத்தை வைத்து நிறுத்துவீர்கள். நான் அறைக்குள் வந்தால் நான் பேசும்வரை காத்திருந்து பிறகுதான் சிரிப்பீர்கள். இதையெல்லாம்தான் எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அப்பா மறைக்கிறார் என்றும் எழுதினேன். நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் வாசிக்கச் சொன்னேன்.

அந்தச் சைக்கிள்காரரை நீங்கள் பார்த்தீர்களா அப்பா?

கட்டுரை முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது. இங்கே பள்ளி விழாவில் மேடையில் வாசிக்கச் சொல்வார்கள், புத்தகத்திலும் போடுவார்களாம். அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். உங்கள் முதலாளிக்கும். அதனால் டீச்சரிடம், அப்பா வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லிவிட்டேன். அவர் போட்டிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டார். யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டி, நீங்கள் புதிதாகக் கையெழுத்துப் போட்டு அக்டோபர் பதினைந்துக்குள் அனுப்பினால் ஏற்பார்களாம். அனுப்பாவிட்டால் கட்டுரையைத் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகாது. புதுப் படிவமும் கட்டுரையின் நகலும் உள்ளே இருக்கின்றன.

முகாம் அடுத்த வருஷமும் நடக்கும். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

அன்பு மகள்,
சுண்டெலி


அக்டோபர் 5

அன்புள்ள சுண்டெலிக்கு,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை விவரமாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. ஒரு பக்கத்துக்கு நாலு வரி, கறுப்பு மையில், கட்டை விரல் பருமன் எழுத்து. உறை தடித்திருந்ததைப் பார்த்துத் தபால்காரர், "என்ன சார், கல்யாணப் பத்திரிகையா?" என்றார். உங்கள் ஹாஸ்டலில் மை சும்மா கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. விளக்கு வெளிச்சத்திலேயே, யாரையும் கேட்காமல், ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்து ரொம்ப நாளாயிற்று, அப்படி.

சைக்கிள்காரரை நான் பார்க்கவில்லை. சுண்டெலி, அவர் அங்கே இருந்ததே வண்டி நின்றபிறகுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை முதலாளி மேசையில் வண்டிச் சாவியை வைத்தேன்.

"என்னய்யா, வேலையை விடறியா?"

"வண்டியை விடறேங்க. கண்ணு சரியா தெரியல."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

அவர் சாவியை எடுத்து டிராயரில் போட்டார். பிறகு, "என் சம்சாரத்துக்கு நீதானே கத்துக்குடுத்தே?" என்றார்.

"ஆமாங்க."

"எப்போ?"

"ஏப்ரல்ல."

"அதான் கேட்டை இடிச்சாளா" என்றார். அதற்கப்புறம் திட்டினார். உனக்கு எழுத முடியாத திட்டு, ஆனால் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்று அவர் கேட்டபோது நான் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் டாக்டரிடம் போகச் சொன்னார். அதுவரைக்கும் வகுப்பறையில் சாலைக் குறியீடு சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். பையன்கள் பலகையைப் பார்க்கிறார்கள், நான் பையன்கள் இருக்கும் திசையைப் பார்க்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள் என்று நாற்காலியைக்கூடத் தயாராக இழுத்துப் போட்டேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு மூணு தடவை வேலைக்குப் போனீங்க. நான் என்ன, ஃபேஷன்னா நினைச்சேன்?" என்றாள்.

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். கண்ணு தெரியாததுகூடப் பரவாயில்ல, வண்டியில போய் உட்கார்ந்தீங்களே, அதுதான் எனக்கு ஆறல." அப்போதுதான் அவள் குரல் மாறியது. நாற்காலியில் கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன்.

நகலை அம்மாதான் வாசித்துக் காட்டினாள். டீ ஊற்றுகிற இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "மேல படி" என்றேன். நீ பேசும்வரை காத்திருந்து சிரிக்கிற இடம் வந்ததும் நான் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. திரும்பி வந்து முழுவதும் கேட்டேன். அம்மா என் விரலைப் பிடித்துப் படிவத்தில் கோட்டின்மேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். முழுவதும் வாசிக்கக் கேட்டேன், சம்மதம், முதல் கையெழுத்துப் பொய் என்று கீழே ஒரு வரியும் எழுதச் சொன்னேன். அதனால் உன் இடம் போனால் என்னைத் திட்டு, அந்தத் திட்டும் நியாயம்தான்.

டாக்டரையும் பார்த்தாகிவிட்டது. கண்புரையாம், இரண்டிலும். சர்க்கரை முதலில் இறங்க வேண்டுமாம், நவம்பர் கடைசியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். "இதுக்கா இத்தனை நாள் பயந்தீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

நீ நன்றாக எழுதுகிறாய். இது வாசித்தபின் சொல்வது.

உன் அப்பா


நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நீங்களும் நலமா? சர்க்கரை எவ்வளவு? உண்மையான நம்பர்.

முடிவு வந்துவிட்டது. முகாமுக்கு நான் இல்லை. பாராட்டுப் பட்டியலில் இருக்கிறேன், சான்றிதழ் வரும். அது உங்கள் கையெழுத்தினால் இல்லை, டீச்சர் கேட்டுப் பார்த்தார். மற்றவர்கள் இன்னும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எறும்புக்காரி எனக்காக அழ ஆரம்பித்தாள், அவளைச் சமாதானம் செய்வதில் என் அழுகை நின்றுபோய்விட்டது.

நடுவர்கள் எல்லாருக்கும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுதியது: 'கட்டுரையின் நடுப்பகுதி இன்னும் சுருங்கலாம். அந்த அப்பா டாக்டரிடம் போனாரா என்று எங்களில் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.' போனார் என்று பதில் போட்டுவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை விழாவில் நான் வாசிக்கிறேன். வருவீர்களா? வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம்.

அன்பு மகள்,
சுண்டெலி


டிசம்பர் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

சுகம், சுகம், சுகம். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அவளும் சுகம். வலக்கண் கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. இடக்கண்ணுக்கு ஜனவரியில். முகாமை நினைத்து இன்னும் வருத்தமா? அடுத்த வருஷத் தலைப்பு வந்தால் எனக்கு அனுப்பாதே, சும்மா இருக்க மாட்டேன்.

கட்டைப் பிரித்ததும் நர்ஸ், "இது எத்தனை விரல்?" என்றார். "மூணு. நகத்துல சாயம் பாதி உரிஞ்சிருக்கு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரெல்லாம் அழுக்கு. நாம் இவ்வளவு அழுக்கான வீட்டிலா இருந்தோம்? அம்மாவுக்குக் காதோரம் நரை. "எப்போ வந்தது?" என்றேன். "அது வந்து குடியேறி ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.

விழாவன்று நீ நன்றாக வாசித்தாய். அம்மா கைதட்டியது உனக்குக் கேட்டிருக்கும், எனக்கு இன்னும் காது அடைத்திருக்கிறது. பின்வரிசையில் ஒரு தகப்பனார் என் தோளைத் தட்டி, "பாவம் சார், யாரோட அப்பாவோ" என்றார். "ஆமா சார், பாவம்" என்றேன்.

நேற்று உன் நகலை எடுத்து நானே வாசித்தேன். ஜன்னலோரம், ஒரு கண்ணால், நிதானமாக, பொடி எழுத்து முழுவதும். இப்போதுதான் நான் போட்ட முதல் கையெழுத்து உண்மையாயிற்று.

குளிர் காலம், தலையை நனைத்துக்கொண்டு திரியாதே. லீவுக்கு என்றைக்கு வருகிறாய் என்று எழுது, பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

உன் அப்பா

பி.கு. கட்டுரையில் ஓர் இடம் மட்டும் தப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அப்பா மறைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். முதலாளியிடமும் அம்மாவிடமும் நானும் அப்படித்தான் சொன்னேன், அது அப்படியே இருக்கட்டும். டாக்டர் 'இனிமேல் இவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் போகாமல் இருந்தேன். விழா முடிந்து வெளியே வந்ததும் உன்னை வெயிலில் வந்து நிற்கச் சொன்னேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாய். "குளிருது இல்ல" என்றேன். உன் முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது.